கொடுத்தேன்

ஒரு மணி நேரத்தின் விலை அந்தத் தெருவில் முப்பத்திரண்டு சட்டை. காலருக்குக் கஞ்சி போட வேண்டுமென்றால் இருபத்தாறு. விரிப்பாக வாங்கிக்கொள்கிறேன் என்பவருக்கு ஒன்றரை டஜன் படுக்கை விரிப்பு. இது பள்ளிக்கூடத்துக்குப் பின்புறம் இருந்த இஸ்திரிக் கடையின் விலை. மற்ற இடங்களில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்திருக்கலாம். நேரம் விலைமதிப்பில்லாதது அல்லவா என்று மேடையில் பேசுகிறவர்கள் கேட்பார்கள். விலைமதிப்பில்லாத சரக்கு என்று ஒன்று கடைத்தெருவில் கிடையாது. விலை கேட்க இன்னும் ஆள் வராத சரக்குதான் உண்டு. நேரத்துக்கு ஆள் வந்தது, அந்தப் பள்ளியின் பத்தாம் வகுப்பில் பாதிக்கு மேல் கணக்கில் தோற்ற வருடம்.

அந்த வருடம் தலைமை ஆசிரியை வியாபாரிகள் சங்கத்துக்கு நேரில் வந்தார். நன்கொடை கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்துச் சங்கச் செயலாளர் முதல் வேலையாக மின்விசிறியை நிறுத்தினார். காற்று நின்றால் நன்கொடை கேட்பவர்கள் சீக்கிரம் எழுந்துவிடுவார்கள் என்பது அவருடைய அனுபவம். ஆனால் அந்த அம்மாள் கேட்டது வேறு. பாடம் சொல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், பக்கத்தில் உட்காரத்தான் ஆள் இல்லை. ஆளுக்கு ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, வாரத்தில் ஒரு நாள் நாலிலிருந்து ஐந்து மணி வரை கூட உட்கார்ந்து கணக்கோ கதையோ பேசினால் போதும் என்றார். விசிறி மறுபடியும் சுற்றியது. காசு கேட்காத தர்ம காரியம் என்றால் சங்கத்துக்கு எப்போதுமே தாராள மனசு.

பள்ளி அரங்கில் கூட்டம் போட்டார்கள். தலைமை ஆசிரியை ஒவ்வொருவரையும் எழுப்பி, "வாரம் ஒரு மணி நேரம் கொடுப்பீங்களா?" என்று கேட்டார். வங்கி மேலாளர், "கொடுக்க முயற்சி பண்றேன்" என்றார். டாக்டர், "பார்க்கலாம்" என்றார். வக்கீல் சொன்னதில் ஆம் இல்லை இரண்டும் இருந்தன. இவர்களுக்கெல்லாம் எதுவும் நேரவில்லை. நினைத்தபோது வந்தார்கள், நினைத்தபோது நின்றார்கள். வினை வந்தது வியாபாரிகளின் நாக்கில். பேரம் முடியும் இடத்தில் கடைக்காரன் சொல்லும் சொல் ஒன்றுதான். அரை மணி நேரம் இழுத்து, வாங்க வந்தவர் எழுந்து வாசல்வரை போய், கூப்பிட்டுத் திரும்பி வந்த பிறகு, "சரி, கொடுத்தேன், எடுத்துட்டுப் போங்க" என்பான். சரக்கு அப்போதும் அலமாரியில்தான் இருக்கும். ஆனால் அந்தச் சொல் வாயை விட்டு வந்த நிமிடமே அது வாங்கினவருடையது. அதற்குப் பிறகு கடை தீப்பிடித்தால்கூட எரிவது வாங்கினவருடைய சரக்கு. கொடுக்கிறேன் என்பவனிடம் ஏமாறலாம், கொடுப்பேன் என்பவனிடம் நிச்சயம் ஏமாறலாம், கொடுத்தேன் என்றவன் ஏமாற்ற முடியாது. பழக்க தோஷத்தில் பதினோரு வியாபாரிகள் எழுந்து நின்று அதே சொல்லைச் சொன்னார்கள். "கொடுத்தேன்."

கொடுத்தது போய்ச் சேர்ந்தது. முதல் புதன்கிழமை, ஆய்வகத்தை ஒட்டிய அறையில், பதினோரு வியாபாரிகள் பதினோரு பிள்ளைகளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். மணி நாலு அடித்தது. அடுத்த நொடி ஐந்து அடித்தது. எதிரே வைத்த டீ ஆடை கட்டி ஆறியிருந்தது. நடுவில் என்ன ஆயிற்று என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. பிள்ளைகளுக்குத் தெரியும்: பெரியவர்கள் கண்ணைத் திறந்தபடியே, கதவடைத்த கடை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள், கூப்பிட்டால் பதில் இல்லை. ஐந்து அடித்தபோது ஒவ்வொரு பிள்ளையின் உள்ளங்கையிலும், கோழி முட்டை அளவில், வெதுவெதுப்பாக, சாயங்கால வெயிலின் நிறத்தில் ஒன்று இருந்தது. அறிவியல் ஆசிரியர் அதைத் தராசில் வைத்துப் பார்த்து எடை இல்லை என்றார். தலைமை ஆசிரியை, சாப்பாட்டு டப்பாவில் வைக்கக் கூடாது, வியர்க்கிறது, டப்பா துருப்பிடிக்கும் என்று அறிவிப்புச் செய்தார். வேறு ஆச்சரியம் எதுவும் பள்ளிக்கூடத்தில் காட்டப்படவில்லை. அங்கே கூரை ஒழுகுவதற்கே யாரும் ஆச்சரியப்பட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

அதை இறுக்கிப் பிடித்தால் உடையும், உடைந்தால் ஊர் நின்றுவிடும் என்பதைக் கண்டுபிடித்தது மறுநாளே ஒரு பையன். விசிறி நிற்கும், சைக்கிள் சாயாமல் நிற்கும், தும்ம வந்தவர் வாயைத் திறந்தபடி நிற்பார். உடைத்தவருக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஓடும். கையில் பிடித்த பொருள் அவரோடு சேர்ந்து ஓடும், விட்டால் நிற்கும். மனிதரைப் பிடித்தால் அவரும் வருவாரா என்பதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, பிடிக்க நேரமில்லை. அந்தப் பையன் தன் மணியை பேக்கரியில் செலவழித்து வயிற்றுப்போக்கோடு வீடு திரும்பினான். அதற்குப் பிறகு, படிப்புக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று விதி வந்தது. நின்ற ஊரில் அந்த விதியை மேற்பார்வை பார்ப்பது யார் என்பது விதியில் இல்லை.

பதினோரு பேரில் ஒருவர் பொத்தான்காரர். சட்டைப் பொத்தான், கோட்டுப் பொத்தான், கொக்கி, நூல்கண்டு எல்லாம் மொத்த விலைக்கு விற்பவர்; சிப்பியா பிளாஸ்டிக்கா என்று பல்லில் தட்டிச் சொல்லுவார். அவர் சட்டையிலேயே எப்போதும் ஒரு பொத்தான் இருக்காது. "ஊருக்கெல்லாம் மூட்டை மூட்டையா பொத்தான் விக்கிறாரு, நெஞ்சைத் திறந்து போட்டுக்கிட்டுத் திரியறாரு" என்று அவர் சம்சாரம் வாசலில் நின்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லும். பிள்ளை கிடையாது. அதைப் பற்றி இருவரும் பேசி முடித்து இருபது வருடம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன் என்றபோது அந்த அம்மாள் ஊசி நூலைத் தேடிக்கொண்டே, "வீட்ல அஞ்சு நிமிஷம் உக்காருங்கன்னா கடையில ஆள் இல்லங்கறீங்க. அங்க போய் ஒரு மணி நேரத்தை அள்ளிக் கொடுக்கறீங்க" என்றார். "கணக்கு சொல்லிக் கொடுக்கறது புண்ணியம்டி" என்றார் இவர். "நமக்குக் கணக்கு வரும்னு யாருங்க சொன்னா? பேரம்தான் வரும்."

அது உண்மை இல்லை. அவர் ஒரு கணக்கு தயார் பண்ணி வைத்திருந்தார். சின்னத் துணிப் பையில் இருபது பொத்தான். சில நாலு ஓட்டை, சில இரண்டு ஓட்டை. மொத்தம் ஐம்பத்தாறு ஓட்டை. பையைத் திறக்காமல் எது எத்தனை என்று சொல்ல வேண்டும். புத்தகத்தில் எக்ஸும் ஒய்யும் போட்டுப் பயமுறுத்துகிற சமாச்சாரம், பொத்தானில் கொட்டிப் பார்த்தால் குழந்தைக்கும் புரிந்துவிடும் என்பது அவர் கட்சி. ஒவ்வொரு புதனும் பையை மேசைமேல் வைத்து முடிச்சில் கை வைப்பார். மணி நாலு அடிக்கும். ஐந்து அடிக்கும். கை முடிச்சின் மேலேயே இருக்கும்.

அவருக்கு வாய்த்த பிள்ளையைப் பள்ளியில் கொட்டாவி என்பார்கள். பதினைந்து வயது. இஸ்திரிக்காரியின் மகள். அப்பா இருந்த இடத்தில் ஒரு கரி இஸ்திரிப் பெட்டியும், அவர் விட்டுப்போன லாட்ஜ் வாடிக்கையும் இருந்தன. விடியுமுன் எழுந்து கரி மூட்டி, பள்ளிக்கு வருமுன் ஒரு மூட்டை, வீட்டுக்குப் போனபின் இரண்டு மூட்டை. வகுப்பில் அவள் வாயைத் திறந்தால் பதில் வருகிறதா கொட்டாவி வருகிறதா என்று பின்பெஞ்சில் பந்தயம் கட்டுவார்கள். பதில் மேல் கட்டினவன் ஜெயித்ததில்லை. பொத்தான்காரருக்கும் அவளுக்கும் இருந்த பழக்கமெல்லாம் நாலுக்கு முன்னால் இரண்டு நிமிடம், ஐந்துக்குப் பின்னால் இரண்டு நிமிடம். நடுவில் இருந்ததைத்தான் அவர் கொடுத்துவிட்டாரே.

அந்த இரண்டு நிமிடங்களில் ஒன்றில்தான், பாஸ் பண்ணி என்ன ஆகப் போகிறாய் என்று கேட்டார்.

"உக்காந்து பாக்கற வேலை சார்."

"அதான் என்ன வேலை?"

"எதுவானாலும் சரி சார். உக்காந்து பாக்கறதா இருந்தா போதும்."

அவளுக்குக் கணக்கு ஒன்றுதான் முட்டுக்கட்டை. மற்ற பாடத்தையெல்லாம் நின்றுகொண்டே படித்துவிட்டாள். கணக்குக்கு மட்டும் உட்கார வேண்டியிருந்தது. கணக்கில் தேறினால் ரயில் நிலையத்தில் சீட்டுக் கொடுக்கும் வேலைக்கு மனுப் போடலாம். அந்த ஜன்னலுக்குப் பின்னால் சுழல் நாற்காலி இருப்பதை அவள் எட்டிப் பார்த்திருக்கிறாள். தேறாவிட்டால் கரிப்பெட்டி. பொத்தான்காரர் அன்று மனதுக்குள் பேரத்தை முடித்துக்கொண்டார். "நீ பாஸ் பண்ற வரைக்கும் கொடுத்தேன் பாப்பா" என்றார். அதை வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டாம்.

முதல் மணியை அவள் தூங்கிச் செலவழித்தாள். மூட்டை மேலேயே படுத்துவிட்டாளாம். "நல்லா இருந்துச்சு சார்" என்றாள், திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி. போகட்டும், முதல் சரக்கு மாதிரிக்குப் போனதாக இருக்கட்டும் என்று விட்டார். இரண்டாவதும் தூக்கத்தில் போனது. மூன்றாவதை அவள் அம்மா கண்டுபிடித்தாள். இஸ்திரிக்காரி கெட்டவள் இல்லை. வலது தோள் காதுவரை ஏறிப்போய், கையைத் தூக்கினால் பல்லைக் கடிக்கிறவள். மகளின் பாவாடை மடிப்பில் வெதுவெதுப்பாக ஒரு மணி நேரம் இருப்பதைத் தொட்டுப் பார்த்தவளுக்கு, எதிரே கிடந்த மூட்டையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மகள் அதை உடைத்து, பெட்டியைக் கையில் பிடித்து, நின்ற ஊரில் நின்றுகொண்டே முப்பத்திரண்டு சட்டை தேய்த்தாள். அப்படித்தான் விலை நிர்ணயமானது.

பொத்தான்காரர் கடையை அடைத்துவிட்டு நேரே இஸ்திரிக் கடைக்குப் போனார். ஆறடிக்கு எட்டடி அறை. ஒரு சுவரில் தேய்த்தது, ஒரு சுவரில் தேய்க்காதது, நடுவில் இரண்டு பெண்கள் நிற்கிற அளவு இடம்.

"அந்த மணி பாப்பா படிக்கறதுக்கும்மா."

"சாப்பிட்டாதானேண்ணே படிக்க முடியும்?"

"வாரத்துல ஒரே ஒரு மணி நேரம். அதையும் நீங்க எடுத்துக்கிட்டா எப்படி?"

"நானா எடுத்துக்கறேன்? லாட்ஜ்காரன் எடுத்துக்கறான். அவன்கிட்ட போய்ப் பேசுங்க. உங்களுக்கு நேரம் நெறைய இருக்கே, ஊருக்குக் கொடுக்கற அளவுக்கு" என்றவள், பெட்டியைத் திருப்பி வைத்துவிட்டுக் குரலை இறக்கினாள். "என் கை இன்னும் ரெண்டு வருசத்துக்கு மேல வராதுண்ணே. அதுக்குள்ள ஏதாவது பண்ணுங்க. வேணாம்னா சொல்றேன்?"

வியாபாரி மனசு அங்கேயே கணக்குப் போட்டது. "சரி. வாரத்துக்கு ரெண்டு. புதன்கிழமை அவ கணக்குக்கு, வெள்ளிக்கிழமை உங்க மூட்டைக்கு. கொடுத்தேன்." நல்ல பேரம் என்று நினைத்துக்கொண்டே வீடு திரும்பினார். வாழ்நாளில் அவர் பேசிய பேரங்களிலேயே மட்டமானது அதுதான் என்பது தெரிய ஆறு மாதம் ஆயிற்று.

மற்ற வியாபாரிகளின் சரக்கும் இதற்குள் தெருவுக்கு வந்திருந்தது. சோப்புக் கடைக்காரர் கொடுத்த மணியில் வாசனை வரும். தானிய மண்டிக்காரர் கொடுத்தது ஐம்பது நிமிடத்தில் தீர்ந்துவிடும்; அளவில் கை வைத்துப் பழகிய கை, தர்மத்திலும் சும்மா இருக்கவில்லை. வட்டிக்கடைக்காரர் கொடுத்ததை உடைத்த பையனுக்கு அடுத்த வாரம் ஒன்றேகால் மணி நேரம் காணாமல் போனது. எப்படியோ, பதினோரு பிள்ளைகளில் எட்டுப் பேர் வீட்டில் ஏதாவது ஒரு வேலை காத்திருந்தது: பீடி இலை, பை ஒட்டுவது, தேய்ப்பது, தைப்பது. லாட்ஜ் மேனேஜருக்கு, இந்தத் தெருவில் காலையில் போட்ட விரிப்பு காலையிலேயே வரும் என்பது தெரிந்துபோயிற்று. தெரிந்தவன் அதே கூலிக்கு இரண்டு விரிப்பு கூடப் போட்டான். பக்கத்துத் தெரு இஸ்திரிக்காரர்கள் போட்டிக்கு இறங்கினார்கள். வருடக் கடைசியில் ஒரு மணி நேரத்தின் விலை நாற்பது சட்டை அல்லது இரண்டு டஜன் விரிப்பு என்று ஆயிற்று. ஏறியதா இறங்கியதா என்று கேட்பவர், பெட்டியின் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை மணி மூட்டைக்குப் போதாமல் புதன்கிழமை மணியும் மூட்டைக்குப் போனது. பொத்தான்காரர் திங்கட்கிழமையையும் கொடுத்தார். மூட்டை நாலாயிற்று.

வருடம் முடிந்ததும் சங்கத்துக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். எடுத்துக்கொண்ட பிள்ளை தேறியோ தோற்றோ பள்ளியை விட்டுப் போனதும் அவர்கள் சொன்ன சொல்லும் தீர்ந்தது. போட்டோ எடுத்தார்கள்; போட்டோவில் பதினோரு பேரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பொத்தான்காரர் சொல்லியிருந்தது பாஸ் பண்ணுகிற வரைக்கும். அதனால் அவர் மட்டும் நின்றார். இந்த ஏற்பாட்டை மாற்றிக்கொள்ள அவர் பார்க்காமல் இல்லை. வங்கி மேலாளர் மாதிரி, கொடுக்க முயற்சி பண்ணுகிறேன் என்று சொல்லிப் பழகினார், நாக்கு புரளவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை சும்மா அந்தப் பக்கம் போனதுபோல் போய், பையைத் திறந்து கணக்கைச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தார். அவளுக்காக என்று நினைத்து உட்கார்ந்த மாத்திரத்தில் அந்த மணியும் போய்விட்டது. எழுந்தபோது இஸ்திரிக்காரி, "ரொம்ப உபகாரம்ணே" என்றாள். நாற்பது சட்டை சுவரோரம் அடுக்கியிருந்தது.

முதல் பரீட்சையில் கொட்டாவி நாலு மதிப்பெண்ணில் தோற்றாள். இரண்டாவதில் ஆறு. மூன்றாவதற்கு முன் பொத்தான்காரர் ஒரு தந்திரம் பண்ணினார். பரீட்சை மண்டப வாசலில் வைத்து ஒரு மணியைத் தனியாகக் கொடுத்து, உள்ளே போய் உடை, ஊரே நிற்கும், உனக்கு மட்டும் ஒரு மணி நேரம் கூட, நிதானமாகப் போடு என்றார். மூட்டையும் அங்கே வராது, அம்மாவும் வர மாட்டாள். தன் வாழ்க்கையில் இவ்வளவு நேர்த்தியாக ஒரு சரக்கை எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்த்ததில்லை என்று அவருக்குப் பெருமை. அவள் உள்ளே போய் உட்கார்ந்து, கேள்வித்தாளை ஒருமுறை படித்து, மணியை உடைத்தாள். விசிறி நின்றது. மேற்பார்வையாளர் ஒரு காலைத் தூக்கியபடி நின்றார். ஜன்னலில் ஒரு காக்கை இறக்கையை விரித்தபடி நின்றது. அவளுக்குக் கீழே ஒரு நாற்காலி இருந்தது, முன்னால் சாய்ந்துகொள்ள ஒரு மேசை இருந்தது, உலகத்தில் ஒருவரும் அவளைக் கூப்பிட முடியாது. தலையைச் சாய்த்தாள்.

வெளியே வந்ததும் அவளே சொல்லிவிட்டாள். பொத்தான்காரர் மண்டபத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "ஒரு மணி நேரமும் தூங்கினியா?" என்றார்.

"முழுசா சார்."

"கொட்டாவி வரலையே இப்ப."

"இல்ல சார்" என்றாள், தானே அப்போதுதான் கவனித்தவள் மாதிரி. முடிவு வந்தபோது ஒன்பது மதிப்பெண்ணில் தோற்றிருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் பரீட்சை எழுதவில்லை. அம்மாவின் கை சொன்னபடியே இரண்டு வருடத்தில் நின்றது, பெட்டி அவளுடையதாயிற்று. ஆனால் அவள் பாஸ் பண்ணவில்லை, ஆகவே சொன்ன சொல் தீரவில்லை. திங்கள், புதன், வெள்ளி, நாலு அடித்தால் பொத்தான்காரர் எங்கே இருந்தாலும் கதவடைத்த கடையாகிவிடுவார்; ஐந்துக்கு இஸ்திரி மேசையின் மேல் ஒரு மணி வெதுவெதுப்பாக வந்து கிடக்கும். பள்ளி அந்த அறையில் உடைந்த பெஞ்சுகளைப் போட்டுப் பூட்டிக்கொண்டது. கடைத்தெருவுக்கு இது பழகிவிட்டது. நாலு மணிக்கு மேல் பொத்தான் வாங்க வருபவர்கள் அவர் எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டே ஐந்துக்குக் காத்திருப்பார்கள். சிலர் தாங்களே எடுத்துக்கொண்டு காசைக் கல்லாவில் போட்டுவிட்டுப் போவார்கள். சிலர் எடுத்துக்கொண்டு மட்டும் போவார்கள். புதன்கிழமைகளில் மட்டும் அவர் நாலுக்கு இரண்டு நிமிடம் முன்னதாக இஸ்திரிக் கடை வாசலில் போய் நிற்பார், கையில் துணிப் பையோடு. சௌக்கியமா என்பார். சௌக்கியம் சார் என்பாள். மணி அடிக்கும்.

இப்படி ஒன்பது வருடம் போன பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை பொத்தான்காரரின் சம்சாரம் செத்துப்போனார். மூன்று நாள் காய்ச்சல். பெரிய நோய் என்று யாரும் சொல்லவில்லை. அன்று மத்தியானம் கொஞ்சம் தெம்பாக இருந்து, அவருடைய சட்டை ஒன்றை மடியில் போட்டுப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தார். இவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மனைவியின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். மணி நாலு அடித்தது. ஐந்து அடித்தபோது அவர் கையில் இருந்த கால் ஆறிப்போயிருந்தது. சட்டையில் பொத்தான் வைத்து முடிந்திருந்தது. நூல் பல்லால் கடித்து அறுக்கப்பட்டிருந்தது. நடுவில் அந்த அம்மாள் ஏதாவது சொன்னாரா, தண்ணீர் கேட்டாரா, இவரைக் கூப்பிட்டாரா என்பதற்குச் சாட்சி கிடையாது. கூப்பிட்டிருந்தால் பதில் வந்திருக்காது. கண் திறந்துதான் இருந்திருக்கும்.

அடுத்த புதன்கிழமை நாலுக்கு இரண்டு நிமிடம் முன்னால் அவர் வழக்கம்போல் வாசலில் நின்றார். புதுப் பொத்தான் வைத்த சட்டை.

"பாப்பா, வெள்ளிக்கிழமை மணி என்னாச்சு?"

"விரிப்பு சார். ரெண்டு டஜன்."

"நல்லா மடிச்சியா?"

"மூலைக்கு மூலை சேர்த்து மடிச்சேன் சார்."

"சரி" என்றார். மணி அடித்தது.

அவர் எதுவும் சொல்லவில்லை. சொன்னது லாட்ஜ் மூட்டையைக் கொண்டுவந்த வண்டிக்காரன்: "உங்க பொத்தான்காரர் வீட்ல கேதம் தெரியுமா? வெள்ளிக்கிழமை, நாலரை இருக்குமாம். மனுசன் பக்கத்துலயே உக்காந்திருந்தாராம், மரம் மாதிரி." கொட்டாவி பெட்டியைத் துணியிலிருந்து எடுக்க மறந்தாள். லாட்ஜ் விரிப்பு ஒன்றில் பழுப்பாக ஒரு முக்கோணம் விழுந்தது. அந்த விரிப்புக்காக லாட்ஜ்காரன் பிறகு அரை நாள் கூலியைப் பிடித்துக்கொண்டான்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை மணியை அவள் உடைக்கவில்லை. மூட்டை கிடந்தது. படுத்த இடத்திலிருந்து அம்மா என்னடி என்று கேட்டாள். இவள் மணியை முந்தானையில் முடிந்துகொண்டு, கடையை அடைத்து, பொத்தான் கடைக்கு நடந்து போனாள். ஐந்தேகால் இருக்கும். அவர் கல்லாவில் இருந்தார், துணிப் பை பக்கத்தில் இருந்தது. அவள் எதிரே போய் நின்றாள். நிற்பதுதான் அவளுக்குப் பழக்கம்.

"உக்காரு" என்றார். உட்கார்ந்தாள்.

"இது உங்களுது சார்."

"கொடுத்ததைத் திரும்ப வாங்கறது எங்க தெருவுல கிடையாது பாப்பா."

"நீங்க வாங்க வேணாம் சார். நான் கொடுத்தேன்" என்றாள். சொல்லிவிட்டு, மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மணியை உடைத்தாள்.

தெரு நின்றது. எதிர்க்கடைக்காரர் தும்மப் போன வாயோடு நின்றார். மனிதரைப் பிடித்தாலும் வருவார் என்பது அப்படித்தான் தெரிந்தது. அதற்குள் அதைத் தெரிந்துகொண்டு பயனடைய வேண்டியவர்களுக்கெல்லாம் வயதாகிவிட்டிருந்தது. பொத்தான்காரர் சுற்றிலும் பார்த்தார். தான் கொடுத்த சரக்கு உள்ளே எப்படி இருக்கும் என்று அவர் பார்ப்பது அதுவே முதல் தடவை. ஈ ஒன்று அந்தரத்தில் இருந்தது. "ரொம்ப அமைதியாத்தான் இருக்கு" என்றார். பிறகு அழுதார். எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. மணிக்கட்டை விட்டால் அவர் நின்றுவிடுவார் என்பதால் அவள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அழுது முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் பையின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். மறுமுனையை அவள் பிடித்து இழுத்தாள். ஆனால் கொட்டவில்லை. முதலில் கணக்கைச் சொன்னார். இருபது பொத்தான், ஐம்பத்தாறு ஓட்டை, எது எத்தனை? அவள் கொட்டாவி விட்டாள். நேரம் எடுத்துக்கொண்டாள். எல்லாமே இரண்டு ஓட்டையாக இருந்தால் நாற்பது சார் என்று ஆரம்பித்து, மிச்சம் பதினாறு என்று மேசையைப் பார்த்து, ஒவ்வொரு நாலு ஓட்டையும் ரெண்டு ரெண்டாக் கூடத் தரும் என்று தனக்குள் சொல்லி, "நாலு ஓட்டை எட்டு. ரெண்டு ஓட்டை பன்னெண்டு" என்றாள்.

பொத்தான்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார்கள். இரண்டு ஓட்டை பன்னிரண்டு இருந்தது. நாலு ஓட்டை ஏழு. மறுபடி எண்ணினார்கள். ஏழு. "தப்பா சார்?" என்றாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை, வருத்தம்கூட இல்லை. எதிர்பார்த்த சரக்கு எதிர்பார்த்தபடி வந்து சேர்ந்த முகம். அவர் பையை உதறினார், உள்ளே விரலை விட்டுத் துழாவினார், மேசைக்கடியில் குனிந்து பார்த்தார். அவள் குனியவில்லை. ஆயிரக்கணக்கான சட்டைகளைத் தடவிய கண் அது. ஒரு சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் வேறாக இருந்தால், அவள் பார்க்காமல் இருக்க முடியாது.

"சார், எட்டாவது உங்க நெஞ்சுல இருக்கு."

அவர் குனிந்து பார்த்தார். மற்றதெல்லாம் வெள்ளை பிளாஸ்டிக். மேலிருந்து இரண்டாவது, நாலு ஓட்டைச் சிப்பி. வீட்டில் பொத்தான் என்று இருந்தது அந்தப் பை ஒன்றுதான். அந்த அம்மாள் அதில் கையை விட்டு ஒன்றை எடுத்திருக்கிறார். பொத்தான்காரர் அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, பல்லில் தட்டிப் பார்க்க முடியாமல், கையை எடுத்தார். "எட்டு சரிதான்" என்றார். எதிர்க்கடைக்காரர் தும்மினார். ஈ போய்விட்டது.

அவள் எழுந்து போனாள், மூட்டை கிடந்தது. ஒரு கணக்கைச் சரியாகப் போட்டதற்கு யாரும் சான்றிதழ் கொடுப்பதில்லை. ஆகவே அவள் பாஸ் பண்ணவில்லை. ஆகவே திங்கட்கிழமை நாலு அடித்ததும் பொத்தான்காரர் வழக்கம்போல் நின்றார், ஐந்துக்கு மணி வழக்கம்போல் போய்ச் சேர்ந்தது. இன்றைக்கும் போகிறது. லாட்ஜ் இன்னொரு மாடி எடுத்துக் கட்டியிருக்கிறது. தெருவில் இதைப் பற்றிப் பேசும்போது கணக்கை இப்படிச் சொல்கிறார்கள்: கொடுத்தது, பத்து வருடத்துத் திங்கள், புதன், வெள்ளி. போனது, சட்டையும் விரிப்புமாக எண்ணி முடியாதது. தூக்கம், மூன்று மணி நேரம். பரீட்சை மூன்று, மூன்றும் தோல்வி. ஒரு பெண்ணின் கடைசி ஒரு மணி நேரம், இரண்டு டஜன் விரிப்புக்கு. கொட்டாவி உட்கார்ந்து பார்த்த வேலை, ஒன்று. நேரான கணக்கும் அந்த ஒன்றுதான்: பையில் பத்தொன்பது, சட்டையில் ஒன்று. மற்றதெல்லாம் பாக்கி.